ரூட்டர் எடுக்கும் பள்ளம்: சீவலின் கணக்கும் மரத்தின் நாரும்

ஒரு கதவின் கீலும் பூட்டுத் தகடும் மரப்பரப்போடு சமமாகப் படிந்து நிற்க வேண்டுமானால், அவற்றின் தடிமனுக்குச் சரியான ஆழத்தில், அடி மட்டமாகவும் விளிம்பு சிராய் எழாமலும் ஒரு பள்ளம் எடுத்தாக வேண்டும். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து, ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாகி, பூந்தமல்லி வரை அடுக்குமாடி வீடுகள் எழுந்துவரும் சென்னையின் மேற்குப் புறநகரில், உளியும் கொட்டாப்புளியும் செய்துவந்த இவ்வேலையில் கையில் பிடித்து இயக்கும் ரூட்டரும் இன்று பங்கெடுக்கிறது. ஆனால் இயந்திரம் கைக்கு வந்துவிட்டதாலேயே பள்ளம் வழவழப்பாகிவிடுவதில்லை. கருகிய சுவரும் மேடுபள்ளமான அடியும் பிய்ந்த விளிம்பும் ஏன் உண்டாகின்றன என்பதற்கு இயற்பியலில் தெளிவான விடை இருக்கிறது.

சீவலின் தடிமன்

ரூட்டர் என்பது, பிட் எனப்படும் வெட்டும் முனையை நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 முதல் 30,000 சுற்றுகள் வரை சுழற்றும் மின் மோட்டார்தான். இரண்டு வெட்டு விளிம்புகள் கொண்ட பிட் 24,000 சுற்றில் ஓடும்போது, ஒரு நிமிடத்தில் 48,000 முறை மரத்தைச் சீவுகிறது. அந்த நிமிடத்தில் கை அதை 3 மீட்டர் நகர்த்தினால், ஒவ்வொரு சீவலுக்கும் கிடைக்கும் பங்கு சுமார் 0.06 மி.மீ. கை தயங்கி அரை மீட்டர் மட்டுமே நகர்த்தினால் அப்பங்கு 0.01 மி.மீட்டராகச் சுருங்கிவிடுவதால், விளிம்பு மரத்தைக் கடித்துச் சீவ இயலாமல் அதன்மேல் உராயத் தொடங்குகிறது. மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளாதலால், உராய்வில் பிறக்கும் வெப்பம் பிட்டிலும் பள்ளச் சுவரிலும் தேங்கி, சுவரைக் கருக்கி, விளிம்பையும் மழுங்கடிக்கிறது. ஆகவே, மெதுவாகப் போனால் சுத்தமாக வரும் என்னும் நம்பிக்கை இங்கே பொருந்தாது. நிற்காமல் ஒரே சீராக நகர்த்துவதும், கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால் சுற்று வேகத்தைக் குறைப்பதுமே சரியான வழி.

1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உலோகப் பட்டறைகளில் மில்லிங் இயந்திரத்தை இயக்குவோர் ஒவ்வொரு பல்லுக்குமான நகர்வு என்று கணக்கிடுவதும் இதே அளவைத்தான். உலோகத்தில் அவ்வியந்திரத்தின் இரும்பு மேசை செய்யும் வேலையை மரத்தில் தச்சரின் கை செய்கிறது என்பதே வேறுபாடு.

வளையும் பிட்

ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட தண்டு, வெளியே நீளும் நீளம் இருமடங்கானால் எட்டு மடங்கும், விட்டம் பாதியானால் பதினாறு மடங்கும் கூடுதலாக வளையும் என்பது பொறியியலின் அடிப்படை விதி. பிட்டும் அத்தகைய தண்டே என்பதால், மெல்லிய பிட்டை நீளமாக நீட்டி ஒரே வீச்சில் ஆழமாக இறக்கும்போது அது அதிர்ந்து, சுவரில் சிற்றலை போன்ற தடங்களைப் பதிக்கிறது. பிட்டின் விட்டத்தில் பாதிக்கு மேல் ஒரு வீச்சில் இறக்கக்கூடாது என்னும் நடைமுறை விதி இதிலிருந்தே பிறந்தது; 6 மி.மீ. பிட்டுக்கு ஒரு வீச்சு 3 மி.மீ. போதும். தச்சர் வழக்கில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கான ஒரு நூல் என்பதும் ஏறத்தாழ அதே அளவுதான். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலட் என்னும் பிளவுபட்ட வளையத்தில் தண்டை அடிவரை செருகி, 2 அல்லது 3 மி.மீ. மட்டும் பின்னிழுத்து இறுக்குவதும், கோலட்டுக்குள் தூள் தங்காமல் துடைப்பதும் அதிர்வைப் பெருமளவு தணிக்கும்.

திசையும் நாரும்

மேலிருந்து பார்க்கையில் பிட் கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. பள்ளத்தின் உட்சுவரை ஒட்டி ரூட்டரையும் அதே திசையில் நகர்த்தினால், வெட்டின் எதிர்விசை கையின் தள்ளலை எதிர்த்து நிற்பதோடு பிட்டைச் சுவர்ப்பக்கமாக அணைப்பதால், கருவி கட்டுக்குள் இருக்கிறது. எதிர்த்திசையில் போனால் அதே விசை கருவியைக் கையிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடும். கோடு தவறுவதற்கும் விபத்துக்கும் அதுவே காரணமாகிறது.

மரம் நீளவாட்டில் அமைந்த நார்களின் தொகுதி. வைக்கோல் கட்டைக் குறுக்கே அறுக்கையில் பின்புறம் தாங்கல் இல்லாத தாள்கள் வளைந்து கிழிவதைப் போல, நாருக்குக் குறுக்கே செல்லும் விளிம்புகளில்தான் சிராய் எழுகிறது. பள்ளத்தின் எல்லையைக் கூரிய கத்தியால் முதலிலேயே கீறி நாரை அறுத்துவிட்டால், பிய்ப்பு அக்கீறலோடு நின்றுவிடும். சீவலை மேலே தள்ளும் சுருள் பிட் பள்ளத்தைக் காலி செய்யும், ஆனால் மேல் விளிம்பை உயர்த்திப் பிய்க்கலாம். கீழே அழுத்தும் சுருள் பிட் விளிம்பைக் காக்கும், ஆனால் தூளை உள்ளேயே அடைக்கும். ஆழம் குறைந்த கீல் பள்ளத்துக்குப் பின்னதே ஏற்றது.

வேலையின் வரிசை

அளவு பிசகாத பள்ளத்துக்கு, வேண்டிய வடிவில் வெட்டிய டெம்ப்ளேட் பலகையை மரத்தின்மேல் இறுக்கி, பேரிங் பொருத்திய பிட்டை அதன் ஓரமாக ஓட்டுவது நம்பகமான முறை. முதலில் சுவரிலிருந்து ஏறத்தாழ 1 மி.மீ. விட்டு உட்பகுதியைப் பல வீச்சுகளில் அகற்றி, அடியிலும் அரை மி.மீ. மிச்சம் வைத்து, இறுதியாக மெல்லிய ஒரே வீச்சில் சுவரையும் அடியையும் சீர்செய்தால், கடைசி வெட்டில் விசை மிகக் குறைவாக இருப்பதால் தடம் விழுவதில்லை. ரூட்டரின் அடித்தட்டைவிட அகன்ற பள்ளமானால், தட்டு சரியாமல் தாங்குவதற்காக நடுவில் சில மரத்திட்டுகளை விட்டுவைத்து அவற்றைக் கடைசியில் நீக்க வேண்டும். 12 மி.மீ. பிட் மூலையில் 6 மி.மீ. ஆர வளைவை விட்டுச்செல்வதால், சதுர மூலைக்கு உளி இன்றும் தேவைப்படுகிறது.

தேக்கில் இயல்பாகவே உள்ள சிலிக்காவும் ப்ளைவுட்டில் உள்ள பசையும் எஃகு விளிம்பை விரைவில் மழுங்கடிப்பதால், டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட பிட்டே இவற்றுக்கு உகந்தது. மரத்தின்மேல் மரம் பதிக்கும் வேலையானால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் ஈரத்தில் மரம் நாருக்குக் குறுக்கே உப்பும் என்பதை எண்ணி, அத்திசையில் மயிரிழை இடைவெளி விடுவது நல்லது.

பள்ளத்தில் தேங்கும் தூள் மீண்டும் மீண்டும் அரைபட்டு வெப்பத்தைக் கூட்டுவதால், உறிஞ்சு குழாய் வெட்டின் தரத்தையும் உயர்த்துகிறது. அதைவிட முக்கியமாக, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியது. முகக்கவசமும் கண்ணாடியும் காதடைப்பானும் தச்சரின் கருவிப்பெட்டியில் பிட்டுக்கு இணையான இடம் பெற வேண்டும். உலோக வேலைக்குக் கற்பிக்கப்படும் வெட்டுக் கணக்கை மர வேலை செய்வோருக்கும் அவர்களது நூல் அளவிலேயே கற்பிக்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள் முன்வருமானால், கைத்திறனும் உடல்நலமும் ஒருசேரக் காக்கப்படும்.