விண்ணப்பத்தில் எந்தச் சொல்?

உதவி கேட்டு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டி வரும்போது, படித்த பிள்ளை ஒன்றைப் பிடித்து எழுதுவிக்கிறோம். எது குறைந்தாலும் 'ஷோட்டேஜ்' என்று போட்டுவிடுகிறோம். சொல் மாறினால் கிடைக்கும் உதவியும் மாறக்கூடும். ஆகவே இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

'ஷோட்டேஜ்' என்பது தட்டுப்பாடு. வழமையாகக் கிடைப்பது ஒரு காலத்தில் போதாமற் போவது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது யூரியாவுக்கு நேர்ந்ததும், 2022இல் எரிபொருளுக்கு நாம் வரிசையில் நின்றதும் இதுவே. பொருள் வந்தால் தீர்ந்துவிடும்.

'ஸ்கெயாசிற்றி' அப்படியன்று. இருப்பதே கொஞ்சம், காசு கொடுத்தாலும் பெருக்க முடியாது. தோட்டவெளிக் கிணறுகளை எண்ணிப் பாருங்கள். மன்னார்த் தீவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். இங்கே 'வோட்டர் ஷோட்டேஜ்' என்று எழுதினால், வாசிப்பவர் பெரிய பம்ப் ஒன்றை அனுப்பிவைக்கலாம். கிணறு கெட்டுவிடும். 'வோட்டர் ஸ்கெயாசிற்றி' என்றே எழுதுங்கள். கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயலுக்கு, மழை பிழைத்த ஆண்டில், 'ஷோட்டேஜ்' பொருந்தும்.

'ஃபமின்' என்றால் பஞ்சம். 1876–78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணம் அழிந்தபின், இந்தியாவில் பிரித்தானிய ஆட்சி பஞ்ச விதிகளை வகுத்தது. அவற்றில் 'ஸ்கெயாசிற்றி' ஒரு படி, 'ஃபமின்' அதற்கு மேற்படி. அறிவிக்கும் சொல்லைப் பொறுத்தே நிவாரணம். புத்தகங்களில் வரும் 'டேர்த்' நமக்கு வேண்டாம்.

மிகவும் கவனிக்க வேண்டியது 'லாக்', அதாவது இல்லாமை. 2007இல் முள்ளிக்குளம் மக்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களுக்கு வயலும் குளமும் இருந்தன. அங்கே போகத்தான் முடியவில்லை. அப்படிப்பட்ட குடும்பம் 'லாக் ஒஃப் லாண்ட்' என்று எழுதினால், காணியற்றவர் என்று பதிந்து, வேறெங்கோ ஒரு துண்டைக் கொடுத்துக் கோவையை மூடிவிடலாம். 'லாக் ஒஃப் அக்சஸ் டு அவர் லாண்ட்' என்று எழுதுங்கள். எங்கள் காணிக்குப் போக வழியில்லை என்பது பொருள். இங்கே 'அவர்' ஆளைக் குறிப்பதன்று; ஆங்கிலத்தில் அது 'எங்கள்'. அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டாம்.

காணி உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அங்கேயும் 'லாக்' வேண்டாம். 'லொஸ்ட்' என்று, தொலைந்த ஆண்டையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.