குரூப் 4 கணக்கு: ஓர் இடம், 302 பேர்

2022-இல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22.02 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு 302 பேர். 2024-இல் 6,244 இடங்களுக்கு 20.36 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு 326. 2025-இல் 3,935 இடங்களுக்கு 13.89 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு 353. விண்ணப்பம் குறைந்தும் நெரிசல் கூடிவிட்டது.

தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். எழுதுவோரில் பொறியியல் பட்டதாரிகளும் உண்டு. காரணம் தெரிந்ததே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையற்றோர் 3.4 விழுக்காடு, பட்டதாரி இளைஞர்களில் 29.1 விழுக்காடு. படிக்காத ஏழை வேலையில்லாமல் காத்திருக்க முடியாது, கிடைத்த கூலிக்குப் போய்விடுவார். படித்த பிள்ளை காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புக்குச் செலவு செய்வது பெற்றோர்.

தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். பெரிய செலவு காலம்தான். 2022 ஜூலை 24-இல் நடந்த தேர்வுக்கு முடிவு வந்தது 2023 மார்ச் 24-இல். முழுதாக எட்டு மாதம். அதன் பிறகுதான் சான்றிதழ் சரிபார்ப்பும் கலந்தாய்வும். மாதம் 10,000 ரூபாய் கிடைக்கக்கூடிய வேலையை விட்டுவிட்டு 10 லட்சம் பேர் மூன்று மாதம் படித்தால் போன வருமானம் 3,000 கோடி ரூபாய். இது நான் போட்டுப் பார்த்த உத்தேசக் கணக்கு. தள்ளிப்போன திருமணங்களும், அப்பாவிடம் கைச்செலவுக்குக் கேட்கும் 28 வயதின் வேதனையும் இதில் சேரவில்லை.

அரசின் பங்கு என்ன? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்த பட்டதாரிக்கு உதவித்தொகை மாதம் 600 ரூபாய். நாளுக்கு 20 ரூபாய். இரண்டு டீக்குக்கூடப் பற்றாது. அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022-இன் 7,301 இடங்கள் பின்னர் 10,117 ஆயின. 2024-இன் 6,244 இடங்கள் படிப்படியாக ஏறி 9,491-இல் நின்றன. கூடியது 3,247, இறுதி எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இடம் கூடியது நல்லதே. ஆனால் துறைகள் காலியிடங்களை முன்கூட்டியே கணக்கெடுத்துத் தந்திருந்தால் அவற்றில் பெரும்பகுதி அறிவிக்கையிலேயே வந்திருக்கும். குறைந்த எண்ணிக்கையைப் பார்த்து விண்ணப்பிக்காமல் ஒதுங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பு போனது போனதுதான்.

தேர்வாணையத்துக்கும் துறைகளுக்கும் நம் பிள்ளைகள் சார்பில் கேட்பது இரண்டு: காலியிடங்களின் முழு எண்ணிக்கையை அறிவிக்கை நாளிலேயே சொல்லுங்கள், தேர்வு முடிந்த மூன்று மாதத்துக்குள் முடிவை வெளியிடுங்கள்.