போக்கர் பயிற்சி: முதலில் எதைக் கற்பது?

போக்கர் என்பது 52 சீட்டுகளைக் கொண்டு பந்தயம் கட்டி ஆடும் சீட்டாட்டம் ஆகும். இதன் வகைகளுள் இன்று பரவலாக ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம். இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். அனைவருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் முதலில் மூன்று, பின்னர் ஒவ்வொன்றாக இரண்டு எனத் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தே ஒருவரின் கை.

புதியவர்கள் பலரையும் முதலில் ஈர்ப்பது, கையில் ஒன்றுமில்லாமல் பெரிய பந்தயம் கட்டி எதிராளியை விலகச் செய்யும் புளஃப். ஆனால் அடிக்கடி எடுக்க வேண்டிய முடிவுகளை முதலில் கற்பதே பயன் தரும். அவற்றில் செய்யும் சிறு பிழையும் பலமுறை திரும்ப வந்து பெரிய இழப்பாகும்.

தொடக்கச் சீட்டுகள்

ஆடுவதா, விலகுவதா என்ற கேள்வி ஒவ்வொரு ஆட்டத்திலும் எழும். இரண்டு சீட்டுகள் 1,326 விதமாக அமையலாம். சின்ன வேறுபாட்டைத் தொகுத்தால் அவை 169 வகைகளே. ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். எனவே நல்ல சீட்டுக்காகக் காத்திருக்கப் பழக வேண்டும். வலுவற்ற சீட்டுகளுடன் நுழைந்தால் அடுத்து வரும் முடிவுகள் எல்லாமே கடினமாகும்.

இருக்கை வரிசை

கடைசியாக முடிவெடுப்பவர் மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கிறார். ஆகவே முதல் இருக்கையில் விலக்க வேண்டிய சீட்டுகளைக் கடைசி இருக்கையில் ஆடலாம்.

தொகைக் கணக்கு

நடுவில் 100 ரூபாய் இருக்கையில் எதிராளி 50 கட்டுகிறார் என்க. ஈடாக 50 செலுத்தினால் மொத்தம் 200 ஆகும். அதில் 50 என்பது கால் பங்கு. ஆகவே வெற்றி வாய்ப்பு 25 விழுக்காடாவது வேண்டும். நான்காவது பொதுச் சீட்டுக்குப் பின் ஒருவரிடம் ஒரே சின்னத்தில் நான்கு சீட்டுகள் உள்ளன எனில், அவர் காணாத 46 சீட்டுகளில் 9 அதே சின்னம். வாய்ப்பு 19.6 விழுக்காடு மட்டுமே. அந்தச் சீட்டு வந்தபின் மேலும் பணம் கிடைக்கும் என்ற நிலை இல்லாவிட்டால் விலகுவதே சரி. எதிராளி 20 மட்டும் கட்டியிருந்தால் தேவை 14.3 விழுக்காடு, அப்போது ஈடு செய்வது இலாபம்.

புளஃபுக்கும் இதே கணக்குதான். 100 உள்ள இடத்தில் 50 கட்டிப் புளஃப் செய்தால், மூன்றில் ஒருமுறைக்கு மேல் எதிராளி விலகினால்தான் இலாபம். எனவே அதை இக்கணக்கிற்குப் பின் கற்பதே முறை.

அடுத்த பாடம்

ஏஸ் ஜோடிகூட ராஜா ஜோடியிடம் ஏறத்தாழ 18 விழுக்காடு தோற்கும். எனவே வெற்றி தோல்வியை மட்டும் வைத்து முடிவின் தரத்தை அறிய முடியாது. ஐயம் எழுந்த ஆட்டங்களைக் குறித்து வைத்துப் பின்னர் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பிழையே அடுத்துக் கற்க வேண்டியது. இப்பயிற்சி அனைத்தையும் பணம் வைக்காமல் வெறும் வில்லைகளைக் கொண்டே செய்யலாம்.