கல்நாரின் கடன் – 9: யானைக்கு இல்லாத இடைவெளி

தென்னாப்பிரிக்க நீலக் கல்நார்ச் சுரங்கப் பிரதேசத்தில் கண்ட 33 மீசோதீலியோமா (நுரையீரல் உறைச் சவ்வுப் புற்று) நோயாளிகளைப் பற்றி வாக்னரும் சகாக்களும் 1960-இல் எழுதியதைச் சென்ற வாரமே சொல்லியாயிற்று. நோய் முற்றியபின் நேரும் உபத்திரவங்களை இவ்வாரம் வரிசையாகச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். முதலாவதிலேயே யானை ஒன்று வழிமறித்துக்கொண்டது.

'நுரையீரலில் நீர் கோத்துவிட்டது' என்று சொல்வது நம் வழக்கமாயினும், நீர் கோப்பது நுரையீரலுக்குள் அன்று. அதைப் போர்த்திய சவ்வுக்கும் விலாவின் உட்புறச் சவ்வுக்கும் நடுவே, ஆரோக்கிய நிலையில் இரண்டொரு கரண்டி நீர் மாத்திரமே மசகுபோல் நின்று, மூச்சுக்கு மூச்சு இரண்டும் வழுக்கிச் செல்ல உதவும் மெல்லிய இடைவெளியில்தான். அந்நீரை வடித்துச் செல்லும் நிணநீர்த் துவாரங்களைப் புற்றுக்கட்டி அடைத்து, இரத்தக் குழாய்களையும் கசியச் செய்வதால், கரண்டிக் கணக்கு லிட்டர்க் கணக்காகி, நுரையீரல் நசுங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிற நோயாளி இரவெல்லாம் உட்கார்ந்தே விடியலைக் காண்கிறார். மேசைமேல் தலையணையிட்டு அதன்மீது கவிழ்ந்திருப்பவரின் முதுகுப்புற விலா இடுக்கில் ஊசி செலுத்தி, வைக்கோல் நிறத்திலோ செந்நிறத்திலோ வரும் நீரை இறக்குகிறார்கள். ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால், சட்டென விரியும் நுரையீரலே வீங்கிவிடலாம் என்று அஞ்சி நிறுத்தியும் விடுகிறார்கள். இறக்கியது மறுபடி ஊறுகிறது.

ஆகவே இடைவெளியையே ஒழித்துவிடுவது என்று மருத்துவர்கள் துணிந்தார்கள். கல்சட்டி குடையும் மாக்கல்லில் பிரதானமாயிருப்பதும், வெள்ளைக் கல்நாரைப் போலவே மக்னீசிய சிலிக்கேட் வமிசத்ததும், ஆகையால் அதற்குப் பங்காளியுமான டால்க்கைச் சுத்தி செய்து உள்ளே தூவினால், சவ்வுகள் புண்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 1935-இல் இதைப் பற்றி எழுதிய கனடிய சர்ஜன் நார்மன் பெத்யூன், தம்முடைய காசநோய்க்காக மார்பில் காற்றேற்றிக்கொண்டவர். சீனப் போர்முனையில் அறுவை செய்கையில் விரலில் பட்ட வெட்டு விஷமேறி 1939-இல் மாண்டவர்.

இனி யானை. இந்த இடைவெளி அதற்குப் பிறவியிலேயே இல்லை. நார்த்திசு நிரம்பி, நுரையீரல் விலாவோடு ஒட்டியே கிடக்கிறது! உடல் முழுதும் ஆற்றில் அமிழ்ந்திருக்கத் துதிக்கையை மட்டும் மேலே நீட்டி அது மூச்சு வாங்கும்போது, மார்பை நெருக்கும் நீருக்கும் உள்ளே போகும் காற்றுக்கும் உள்ள அழுத்த வேற்றுமையில் சவ்வின் நுண்குழாய்கள் வெடித்துவிடாதபடி நேர்ந்த ஏற்பாடு இது என்பது உடலியல் அறிஞர் ஜான் வெஸ்டின் ஊகம். பொடி தூவும் மருத்துவர், மனிதனின் ஒரு பக்கத்தை யானையாக்குகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒட்டுவதற்கு நுரையீரல் விரிந்து விலாவைத் தொடவேண்டும். கட்டியே தடித்த பட்டைபோல் அதைச் சுற்றி இறுகிவிட்ட நிலையில், நீர் போனபின்னும் அது விரிவதில்லை, பொடி வீண். மெல்லிய குழாயொன்றை விலாவில் நிலையாகப் பொருத்தி அனுப்ப, வீட்டாரே புட்டியில் நீரை வடித்தெடுக்கிறார்கள்.

பெருஞ்சிரை நெருக்குண்டு முகம் வீங்குவதையும், இதயத்தின் உறைக்குள் நீர் சேர்வதையும் இவ்வாரமே சொல்லியிருக்க வேண்டும்; அச்சகத்து ஆள் வாசலில் நிற்கிறான். இதய உறை யானைக்கும் உண்டாகையால், அடுத்த வாரம் அது குறுக்கே வராது.