ஓ2 போட்டதும் கொம்பைலர் ஏன் முணுமுணுக்கிறது?

கொழும்பு நிரலாளர்கள் பெரும்பங்கு எழுதிய அப்பாச்சி அக்சிஸ்2/சி போன்ற சி மொழி நிரல்களில் பொயிண்டர் வகைமாற்றங்கள் சாதாரணம். ஆனால் சில வகைமாற்றங்களுக்கு, ‘ஓ2’ என்ற வேகப்படுத்தும் தெரிவைப் போட்டால் மட்டும் ஜிசிசி கொம்பைலர் எச்சரிப்பது ஏன்?

கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் அரிசிக்கு ஒரு கொப்பி, சீனிக்கு ஒரு கொப்பி. அரிசிக் கொப்பியில் எழுதினால் சீனிக் கணக்கு மாறாதே! முதலாளி கொப்பியைப் புரட்டாமல் நினைவிலுள்ள தொகையைச் சொல்கிறார். இரண்டும் ஒரே கொப்பியாக இருந்தால்?

‘ஓ2’ போட்டால் கொம்பைலரும் அப்படித்தான். தசம எண் பொயிண்டரும் முழு எண் பொயிண்டரும் ஒரே இடத்தைத் தொடாது என்று நம்பி, பழைய மதிப்பையே எடுத்துவிடலாம்; அதனால்தான் அந்த எச்சரிக்கை.

அப்படியானால் 1.0-இன் 4 பைட்டுகளை 1065353216 என்ற முழு எண்ணாக எப்படி வாசிப்பீர்கள்? ‘மெம்கொப்பி’ என்ற செயற்கூற்றால் பிரதியெடுங்கள்; ஜிசிசி அதைப் பெரும்பாலும் ஒற்றை நகர்த்தலாகச் சுருக்கிவிடும். லினக்ஸ் கேர்னலோ, இருவகைப் பொயிண்டர்களும் ஒரே இடத்தைத் தொடாது என்ற ஊகத்தையே அணைத்துவிட்டுத் தொகுக்கப்படுகிறது.