தாழியும் மண்ணும்: புதைபொருள்களின் நிலைபேறு

இறந்தோர் உடலை நீக்கும் முறைகள் ஐந்தினை மணிமேகலை சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் குறிப்பிடுகின்றது. அவற்றுள் ஒன்று தாழியிலிட்டுப் புதைத்தல். தாழி வனையும் குயவனை நோக்கிப் பாடப்பெற்ற புறநானூற்றுப் பாடல்களும் இவ்வழக்கினை உறுதிசெய்கின்றன. இலக்கியம் கூறும் இச்செய்திகளை அகழாய்வுச் சான்றுகளோடு ஒப்பிடுவோர் ஒன்றைக் கருதாது விட்டுவிடுதல் உண்டு. புதைத்தவர் வைத்தவை அனைத்தும் அகழ்பவர் கைக்கு வருவதில்லை. இடைப்பட்ட ஈராயிரம், மூவாயிரம் ஆண்டுகளில் மண் சிலவற்றைத் தின்று, சிலவற்றை விட்டுவைக்கின்றது. ஒரு தாழியில் துணி கிடைக்காமையால் அங்குத் துணி வைக்கும் வழக்கமே இல்லை என முடிவு செய்யுமுன், அந்த மண் துணியை விட்டுவைக்கக் கூடியதுதானா என்று வினவுதல் வேண்டும்.

‘மண்ணோடு மண்ணாதல்’ என்னும் உலக வழக்கு, புதைந்தவை யாவும் ஒரே சீராக அழிவதுபோன்ற எண்ணத்தைத் தருகின்றது. உண்மை அதுவன்று. மட்குதல் என்பது பெரும்பாலும் நுண்ணுயிர்களின் செயல். அவற்றுக்குக் காற்று, ஈரம், மிதமான வெப்பம் ஆகியன வேண்டும். இம்மூன்றும் குறைவின்றிக் கிடைக்கும் தமிழகத்து மேட்டு நிலங்களில் தசையும் தோலும் நாரும் விரைந்து மறைகின்றன. ஈரமும் உலர்ச்சியும் மாறிமாறி வரும் பருவமழை நிலம் எப்போதும் நனைந்திருக்கும் நிலத்தைவிடக் கொடியது. கேரளத்துப் பட்டணத்தில் 2007-ஆம் ஆண்டு அகழாய்வில் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள மரத்தோணி ஒன்று கிடைத்தது. நீர் தேங்கிய சேற்றில் காற்றுப் புகாமையால் அது நிலைத்தது. அதே தோணி சரளை மேட்டில் புதைந்திருப்பின் நிறம் மாறிய மண் கறை மட்டுமே எஞ்சியிருக்கக் கூடும்.

எலும்பும் சுண்ணமும்

எலும்பு இரு கூறுகளால் ஆயது. ஒன்று கால்சியம் பாஸ்பேட் என்னும் கனிமம். மற்றொன்று கொலாஜன் என்னும் புரதம். அமிலத் தன்மையுள்ள மண் முதலில் கனிமத்தைக் கரைக்கின்றது. சுண்ணம் மிகுந்த மண் கனிமத்தைக் காக்கின்றது. ஆயின் வெப்பமும் ஈரமும் அங்கும் புரதத்தைச் சிதைக்கின்றன. டென்மார்க்கில் 1950-இல் சதுப்பிலிருந்து எடுக்கப்பெற்ற தொல்லுண்ட் மனிதனின் முகத்தில் தாடியின் முளைமயிர்கூடத் தெரிகின்றது. அத்தகைய சதுப்புகளில் தோல் பதப்பட்டு நிற்க, எலும்பு தன் சுண்ணத்தை இழப்பதே இயல்பு. தாழிகளில் காண்பது இதற்கு நேர்மாறானது. தோலின் சுவடே இராது. எலும்பு உருவம் கெடாது நிற்கும். அதனுள்ளே புரதம் பெரும்பகுதி போயிருக்கும்.

உருவம் நன்றாக இருத்தலால் உள்ளிருப்பதும் நன்றாக இருக்கும் என்று கொள்ளலாகாது. அரியானாவின் ராகிகரியில் இது வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த 61 எலும்பு மாதிரிகளை ஆராய்ந்தும், பயன்படத்தக்க மரபணுத் தொடர் ஒரே ஒரு பெண்ணின் எலும்பிலிருந்துதான் கிடைத்தது என்பதை 2019-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ராகிகரியினும் வெப்பமும் மழையும் மிகுந்த தென்னகத்தில் இம்முயற்சி இன்னும் கடினம். ‘இத்தனை எலும்புகள் இருந்தும் ஏன் மரபணு முடிவு வரவில்லை’ என எழும் வினாவிற்கு விடை பெரும்பாலும் ஆய்வாளரிடம் இல்லை, மண்ணிடமே உள்ளது.

துணி நிலைப்பதற்கு ஒரு தற்செயல் துணைபுரிகின்றது. செம்பு, இரும்பு முதலியவை துருவேறும்போது அவற்றின் உப்புகள் அருகிலுள்ள நாரினுள் ஊறுகின்றன. செம்பின் உப்பு நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. இரும்பின் துருவோ நாரின் வடிவத்தைக் கனிமமாகவே மாற்றிவிடுகின்றது. மொகஞ்சதாரோவில் பருத்தித் துணியின் துண்டு வெள்ளிக் கலம் ஒன்றோடு ஒட்டிய நிலையில் கிடைத்தமைக்கு உலோக உப்புகளே காரணம். எனவே ஒரு நிலப்பகுதியின் தொல்துணி வரலாறு என நாம் எழுதுவது, உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்த துணியின் வரலாறே ஆகும். உலோகப் பொருள் வைக்க இயலாத எளியோரின் ஆடை அதில் இடம்பெறுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

நெல்லும் உமியும்

தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, தாழிகளினுள் இருந்த சிறு கலங்களில் நெல் உமியும் தினைவகை உமியும் கண்டதாகக் குறித்துள்ளார். அரிசி மறைய உமி நின்றது ஏன்? அரிசி மாவுப்பொருள், நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. உமியிலோ மணலின் மூலப்பொருளாகிய சிலிக்கா செறிந்துள்ளது. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்காவைத் தன் உமியில் படியவைக்கின்றது. அதனை மட்கச் செய்யும் உயிர் அரிது.

தானியம் நிலைப்பதற்கு மற்றொரு வழி கருகுதல். காற்றுக் குறைந்த தீயில் சாம்பலாகாது கரியான மணி, உயிரிகளுக்கு உணவாகாமையால், நெடுங்காலம் தன் வடிவத்தோடு கிடக்கும். வாழிடப் பகுதிகளில் கிடைக்கும் தொல்தானியங்களிற் பெரும்பாலன இவ்வகையினவே. இதிலும் ஒரு சாய்வு உண்டு. அடுப்பருகே வறுக்கவும் உலர்த்தவும் பெற்ற தானியம் கருகும். கீரையும் கிழங்கும் பெரிதும் தடமின்றிப் போகும்.

பழநியை அடுத்த பொருந்தலில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா.ராஜன் நிகழ்த்திய அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றிலிருந்த நான்கு கால் சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. ஏ.எம்.எஸ். முறையில் அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பெற்றது. சிவகளையில் தாழியொன்றில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 எனக் காலம் கிடைத்ததாக 2021-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பெற்றது. இவற்றின் மதிப்பு எண்ணில் மட்டும் இல்லை. திறந்த மண்ணடுக்கில் எறும்பும் எலியும் வேரும் மணிகளை மேலும் கீழும் நகர்த்தும். அருகிலுள்ள கரியின் காலத்தை மணிக்கு ஏற்றிச் சொல்வது பிழையாகலாம். கலத்தினுள் குவியலாக இருந்த நெல்லைப் பற்றி இவ்வையம் குறைவு. அந்நெல்லையே நேரடியாக அளத்தல் மேலும் உறுதி தருவது.

இத்தகைய பழைய நெல் முளைக்குமா எனக் கேட்போர் உளர். முளைக்காது. கருகிய மணியில் உயிர் இல்லை. கருகாத நெல்லும் நம் வெப்பநிலையில் சில ஆண்டுகளிலேயே முளைப்புத்திறனை இழக்கும். மண்ணில் உறங்கிக் கிடப்பவை வேறு வகை விதைகள். வில்லியம் பீல் என்பார் 1879-இல் மிச்சிகனில் 21 இன விதைகளை ஈரமணலோடு 20 புட்டிகளில் இட்டுப் புதைத்தார். 142 ஆண்டுகளுக்குப் பின், 2021-இல், ஒரு புட்டியைத் திறந்தபோது வெர்பாஸ்கம் என்னும் களைச்செடியின் விதைகள் முளைத்தன. உழவர் விரும்பும் பயிருக்கு இத்திறன் இல்லை. உழவர் வெறுக்கும் களைக்கே உண்டு. விதைத்தவுடன் முளைக்கும் நெல்லையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தமையால் பயிர் தன் உறக்கத்தை இழந்தது.

தாழியினுள் நிறைந்திருக்கும் மண்ணை நீரில் கரைத்து, மிதந்து வரும் மணிகளையும் கரித்துணுக்குகளையும் நுண்சல்லடையில் வடித்தெடுக்கும் முறை 1960-களுக்குப் பின்னரே அகழாய்வுகளில் பரவியது. அதற்கு முற்பட்ட அறிக்கைகளில் தானியம் பற்றிய குறிப்பு இல்லாவிடின், அதற்குக் காரணமாக மண்ணின் அழிவையும் சல்லடையின் இன்மையையும் தனித்தனியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தானியமே வைக்கப்பெறவில்லை என்னும் முடிவு அவ்விரண்டும் விலக்கப்பெற்ற பின்னரே எழுதத்தக்கது.