குரோமியத்தைப் பிடிக்கும் தென்னை நார்க்கழிவு

தென்னை நார்க்கழிவு, நெல் உமி, நிலக்கடலைத் தோல், வாழைப்பழத் தோல் போன்ற தாவரக் கழிவுகளுக்கு நீரில் கரைந்த ஈயம், காட்மியம், குரோமியம் முதலிய கன உலோகங்களைப் பிடித்துவைக்கும் திறன் உண்டு. இவற்றிலுள்ள செல்லுலோஸ், லிக்னின், பெக்டின் ஆகியவற்றின் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் உலோக அயனிகளை ஈர்த்து ஒட்டவைத்துக்கொள்கின்றன. வேதியியலில் இது பரப்பு கவர்தல் எனப்படுகிறது.

மும்பைக்கு இந்த வழி மிகவும் தேவை. விகார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் பிறக்கும் மித்தி ஆறு சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியை ஒட்டி மாகிம் கழிமுகத்தில் கலக்கிறது. கரையோரப் பட்டறைகளின் உலோகக் கழிவும் அதில்தான் சேர்கிறது. சாக்கடைக் கழிவு காலப்போக்கில் சிதைந்துவிடும். உலோகம் சிதையாது, சேற்றில் தங்கி மீனுக்கும் நண்டுக்கும் ஏறும். உலோகத்தைப் பிடிக்கும் மூலப்பொருளோ கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இளநீர்க் கடைகளில் நாள்தோறும் மட்டை குவிகிறது.

கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தென்னை நார்க்கழிவிலிருந்து செயலூட்டிய கரி தயாரித்து, ஆலைக் கழிவுநீரிலிருந்து பாதரசம், ஈயம், காட்மியம், நிக்கல், செம்பு ஆகியவற்றை நீக்கிக் காட்டினர். 2011-இல் பிரேசில் ஆய்வாளர்கள் அரைத்த வாழைப்பழத் தோலால் ஆற்றுநீரிலிருந்து ஈயத்தையும் செம்பையும் பிரித்தனர். ஒரே தோலைப் பல முறை திரும்பப் பயன்படுத்தவும் முடிந்தது.

குரோம் முலாம் பட்டறைக் கழிவுநீர் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் ஆறு இணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் வடிவம் அதுவே. அமிலம் சேர்த்து அமிலத்தன்மையைக் கூட்டிய நீரில் நார்க்கழிவைக் கலக்கினால், குரோமியத்தின் ஒரு பகுதி நாரில் ஒட்டும். மீதிக்கு லிக்னின் எலக்ட்ரான் தர, அது நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவமாகும். மஞ்சள் மெல்ல வெளுக்கும். பிறகு சுண்ணாம்பு சேர்த்தால் எஞ்சிய குரோமியம் கசடாகப் படியும். ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் இவ்வளவு அமிலத்தன்மை ஆகாது. அவை லேசான அமில நீரில்தான் நன்றாக ஒட்டும்.

ஆற்றிலேயே மட்டையைக் கொட்டிப் பயனில்லை. தாராவி அருகே மித்தியில் ஓதத்தின்போது கடல்நீர் ஏறுவதால் நீர் உப்பாகிறது. உப்பிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் ஒட்டும் இடங்களுக்குப் போட்டியிடும். உலோகம் செறிவாகவும் நீர் குறைவாகவும் இருக்கும் பட்டறை வாசலிலேயே நார் நிரப்பிய வடிகலன் வைப்பதே சரி. சிறு பட்டறைகள் பல சேர்ந்து ஒரு பொது வடிகலன் வைத்தால் செலவும் கட்டுப்படும்.

உலோகம் நிறைந்த நாரும் நச்சுக்கழிவே. நீர்த்த அமிலத்தால் கழுவி உலோகத்தைப் பிரித்தெடுக்கலாம். இல்லையேல் நவி மும்பை தலோஜாவில் உள்ளது போன்ற அபாயக் கழிவு மேலாண்மை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அதை உரமாக்குவதோ அடுப்பில் எரிப்பதோ உலோகத்தை மண்ணுக்கும் காற்றுக்கும் திருப்பிவிடும்.

குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதித்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அந்த அளவைக் கண்ணாலோ நாக்காலோ அறிய முடியாது. ஆகவே வீட்டுக் குடிநீரை வாழைத்தோலாலோ நாராலோ யாரும் தாமாகச் சுத்திகரிக்க முயல வேண்டாம். சந்தேகம் இருந்தால் நீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள்.